திருத்திய வரிக்கு மூலத்தை எங்கே வைப்பது?

இலங்கைப் பாராளுமன்றத்தைச் சனாதிபதி எவ்வளவு காலத்துக்குப் பிறகு கலைக்கலாம்? 1978 அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரைப்படி, முதலில் பொதுத்தேர்தல் நடந்து ஓராண்டு கழியவேண்டியிருந்தது. 2015இல் 19ஆவது திருத்தம் அந்தக் காலத்தை, பாராளுமன்றம் முதலில் கூடும் நாளிலிருந்து எண்ணி, நான்கரை ஆண்டாக நீட்டியது. 2020இல் 20ஆவது திருத்தம் அதை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இல் 21ஆவது திருத்தம் வந்த பிறகும் இரண்டரைதான்.

2016இல் இந்த உறுப்புரையைத் தமிழில் விளக்கி ஓர் இணையப் பக்கம் போட்டிருந்தால், அதில் இன்றைக்கும் "நான்கரை ஆண்டு" என்றுதான் கிடக்கும். அழித்துவிட்டு "இரண்டரை" என்று தட்டச்சிட ஒரு நிமிடம் போதும். ஆனால் 2018 நவம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது அந்த நான்கரை ஆண்டை வைத்துத்தான். அந்த வழக்கைப் படிக்கிற ஒரு மாணவி உங்கள் பக்கத்துக்கு வந்து "இரண்டரை" என்று மட்டும் பார்த்தால், தீர்ப்புப் பிழையா, பக்கம் பிழையா என்று குழம்பிப்போவார். பழைய சொல்லும் தெரியவேண்டும், புதிய சொல்லும் தெரியவேண்டும், எது எப்போது எந்தச் சட்டத்தால் மாறியது என்பதும் தெரியவேண்டும்.

கொழும்பில் தமிழில் இணையத்தளம் நடத்துகிற சிறு அணிகள் பல: சட்ட உதவி அமைப்புகள், பழைய மாணவர் சங்கங்கள், பரீட்சை வழிகாட்டிப் பக்கங்கள், சஞ்சிகைகள். இவற்றுள் பெரும்பாலானவற்றில் முழுநேர வெப் ஆள் கிடையாது. கட்டுரை எழுதுகிறவரேதான் தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குள்ளும் போய்ப் போடுவார். அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து, திருத்திய இடத்தைக் காட்டவும் திருத்தத்துக்கு மூலம் சொல்லவும் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் பக்கச்சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசகரின் கண்ணில் படாத மூலத்தை மூலம் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

எச்ரிஎம்எல் தருகிற வழி: இன்ஸ், டெல்

இந்த வேலைக்கென்றே, இணையப் பக்கங்களை எழுதுகிற குறிமொழியான எச்ரிஎம்எல்லில் (HTML) இரண்டு டேக்குகள், அதாவது சொல்லைச் சுற்றிப் போடுகிற குறிகள், இருக்கின்றன. சேர்த்ததைச் சுற்றி இன்ஸ் (ins), நீக்கியதைச் சுற்றி டெல் (del). 1997 டிசம்பரில் வெளிவந்த எச்ரிஎம்எல் 4.0 காலத்திலிருந்தே உள்ளவை. இரண்டும் இரண்டு பண்புகளை, அதாவது டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரங்களை, ஏற்கும். ஒன்று சைட் (cite): திருத்தத்தை விளக்குகிற ஆவணத்தின் முகவரி அதில் போகும். மற்றது டேட்டைம் (datetime): மாற்றம் நடந்த திகதி.

காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடையாது. 70ஆம் உறுப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். "ஓராண்டு" என்பதை டெல்லுக்குள் போட்டு 2015-05-15 என்று திகதி கொடுக்கலாம். 19ஆவது திருத்தத்துக்குச் சபாநாயகர் சான்றுரை எழுதிய நாள் அது. "நான்கரை ஆண்டு" கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அது 2015இல் சேர்ந்தது, 2020இல் நீங்கியது. ஒரு டேக்குக்கு ஒரு திகதி, ஒரு முகவரிதான். ஆகவே உள்ளே 2015 திகதியோடு ஓர் இன்ஸ், அதைச் சுற்றி 2020-10-29 திகதியோடு ஒரு டெல் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போடவேண்டும். எச்ரிஎம்எல் இதை அனுமதிக்கிறது. கடைசியில் "இரண்டரை ஆண்டு" ஓர் இன்ஸுக்குள். ஒரே வரியில் மூன்று காலத்துச் சட்டமும் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் திகதியும் மூலமும் ஒட்டியிருக்கும்.

சேர்க்கை மட்டும் நடந்த இடங்களில் இது இன்னும் சுலபம். 18ஆம் உறுப்புரை முதலில் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழி என்றது. தமிழும் அரசகரும மொழியாக இருக்கும் என்ற வரி 1987 நவம்பரில் 13ஆவது திருத்தத்தோடு வந்தது. ஓர் இன்ஸ், ஒரு திகதி, வேலை முடிந்தது.

சரி, இப்போது அந்தப் பக்கத்தை ஒரு வாசகராகத் திறந்து பாருங்கள். சேர்த்ததன் கீழே கோடு தெரியும், நீக்கியதன் நடுவே கோடு தெரியும். சைட் பண்பில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட முகவரி எங்கே? எங்கேயும் இல்லை. எந்த பிரவுசரும் அதைத் தானாகக் காட்டுவதில்லை. மவுஸை மேலே கொண்டுபோனாலும் வராது, கைப்பேசியில் அழுத்தினாலும் வராது. இது பிரவுசர்களின் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். எச்ரிஎம்எல் தரநிலையே, இந்தப் பண்பு முதன்மையாகத் தளத்தை நடத்துகிறவரின் சொந்தப் பாவனைக்கு என்றுதான் சொல்கிறது, உதாரணமாக எத்தனை திருத்தம் நடந்தது என்று எண்ணுகிற ஒரு நிரலுக்கு. வாசகரை நோக்கமாகக் கொண்டு அது வைக்கப்படவில்லை. பிளாக்கோட், கியூ என்ற மேற்கோள் டேக்குகளில் வருகிற சைட் பண்பும் இதே கதைதான்.

கண்ணில் படாத முகவரிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அது செத்துப்போனால் ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். அரச தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பிடிஎஃப்களின் முகவரி மாறிவிடுவது நமக்குப் புதிதல்ல. சாதாரண லிங்க் ஒன்று உடைந்தால் யாராவது ஒரு வாசகர் மின்னஞ்சல் போடுவார். சைட் பண்புக்குள் உடைந்தது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அதோடு அதற்குள் ஒரு முகவரிதான் வைக்கலாம். இலங்கையில் இது சின்ன விஷயமில்லை. ஒரு சட்டம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பிரதிகளாக வருகிறது. அதன் கடைசிப் பிரிவில், சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் இடையே முரண் இருந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று வழக்கமாக எழுதியிருக்கும். தமிழ் வாசகருக்குத் தமிழ்ப் பிரதியின் முகவரியைக் கொடுக்கவேண்டும், பிணக்கு வந்தால் எதைப் பார்ப்பார்கள் என்பதற்காகச் சிங்களப் பிரதியின் முகவரியையும் கொடுக்கவேண்டும். சைட் பண்பு இரண்டையும் தாங்காது.

டேட்டைம் பண்பிலும் ஒரு குழி இருக்கிறது. அது எந்தத் திகதி, சட்டம் மாறிய திகதியா, நீங்கள் பக்கத்தை மாற்றிய திகதியா? தரநிலை "மாற்றம் நடந்த நேரம்" என்பதோடு நின்றுவிடுகிறது. கறாராகப் பார்த்தால் இன்ஸும் டெல்லும் அந்த இணைய ஆவணத்தில் நடந்த மாற்றத்துக்கானவை. பக்கமே சட்டத்தின் பிரதியாக இருக்கும்போது சட்டத் திகதியைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு தளத்துக்குள் இரண்டையும் கலக்கக்கூடாது. ஒரு பக்கத்தில் சட்டத் திகதியும் அடுத்ததில் தட்டச்சிட்ட திகதியும் இருந்தால், பிறகு வருகிறவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

திகதியோடு நேரமும் போட விரும்பினால் நேர வலயத்தைக் கட்டாயம் சேர்க்கவேண்டும். நமக்கு +05:30. பழைய செய்திப் பக்கங்களை ஏற்றுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்கவேண்டும்: 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் +06:30 ஆகி, அதே ஆண்டு ஒக்ரோபரில் +06:00 ஆகி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப +05:30க்கு வந்தது. அந்தப் பத்து வருடத்துச் செய்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு +05:30 போட்டால் நேரம் பிசகும். நேரம் தேவைப்படாத இடத்தில் திகதியோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

பட்டியல்களிலும் அட்டவணைகளிலும் இந்த டேக்குகள் முரண்டு பிடிக்கும். பட்டியலின் ஓர் உருப்படியை வெளியிலிருந்து டெல் கொண்டு சுற்ற முடியாது, உருப்படிக்கு உள்ளேதான் போடவேண்டும். அட்டவணையின் முழு வரிசையை நீக்கியதாகக் காட்ட, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தனித்தனியாக டெல் போடவேண்டும். கட்டண அட்டவணை போட்டிருக்கிறவர்களுக்கு இது எரிச்சலான வேலை.

இவற்றைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. நம் வாசகர்கள் பக்கத்தை முழுதாகப் பகிர்வது குறைவு. வேண்டிய பத்தியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் போடுவார்கள். கொப்பி பண்ணும்போது கோடு விழுந்துவிடும், எழுத்து மட்டும் போகும். "பாராளுமன்றம் கூடி ஓராண்டு நான்கரை ஆண்டு இரண்டரை ஆண்டு கழியும்வரை" என்று குழுவில் போய் நிற்கும். அதைப் பார்த்து, எழுதியவருக்கு மறை கழன்றுவிட்டது என்று யாராவது சொன்னால் கோபிக்க முடியாது. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் இதே நிலைதான். திரையில் உள்ளதைக் குரலில் சொல்கிற திரை வாசிப்பான்களில் பெரும்பாலானவை இயல்பு அமைப்பில் இன்ஸ், டெல் இரண்டையும் அறிவிப்பதில்லை. தமிழை வாசிக்கக்கூடிய என்விடிஏ போன்ற இலவசக் கருவியை வைத்திருக்கிறவருக்கும் மூன்று காலஅளவும் அடுத்தடுத்துக் காதில் விழலாம். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ்ஸில் மறைந்த சொற்களைச் சேர்த்து "நீக்கம் தொடங்குகிறது" என்று வாசிக்கவைக்கும் உத்தி உண்டு. ஆனால் வரிக்கு வரி அதைக் கேட்கிறவருக்குத் தலையிடி.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு தொல்லையும் இருக்கிறது. கு, து, ழு, ணூ போன்ற எழுத்துகளின் சுழியும் காலும் கோட்டுக்குக் கீழே இறங்குபவை, அடிக்கோடு அவற்றின் மேல் போய் விழும், அல்லது அங்கங்கே அறுந்து நிற்கும். நடுக்கோடு போட்டால் ண, ன, ளை எல்லாம் ஒரே சிக்கலாகத் தெரியும். நீக்கிய சொல்லையும் வாசிக்கவேண்டும் என்பதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்? ஆகவே அடிக்கோட்டைச் சற்றுக் கீழே தள்ளுங்கள், அல்லது எடுத்துவிட்டு மெல்லிய பின்னணி நிறம் கொடுங்கள். வெறும் அடிக்கோட்டை லிங்க் என்று நினைத்து அழுத்துகிறவர்களும் குறைவார்கள்.

வேர்ட்பிரஸ் பாவிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. புதிய பிளாக் எடிட்டரில் நடுக்கோடு பொத்தானை அழுத்தினால் வருவது டெல் அல்ல, எஸ் என்ற வேறு டேக். "இது இப்போது பொருந்தாது" என்பதைக் காட்டுவதற்கானது அது, பழைய விலையை வெட்டிப் புதிய விலை போடுகிற மாதிரியான இடங்களுக்கு. திகதியோ மூலமோ அதில் வைக்க இடமில்லை. டெல் வேண்டுமென்றால் அந்தப் பிளாக்கை எச்ரிஎம்எல்லாகத் திருத்தும் நிலைக்கு மாற்றிக் கையால் எழுதவேண்டும்.

கீழே ஒரு திருத்தக் குறிப்பு

இரண்டாவது வழியில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உடலில் சரியான சொல்லை மட்டும் வைத்துவிட்டு, பத்தியின் கீழோ பக்கத்தின் முடிவிலோ வாக்கியமாக எழுதிவிடுவது. "2015 மே முதல் 2020 ஒக்ரோபர் வரை இந்தக் காலம் நான்கரை ஆண்டு (19ஆவது திருத்தம்). 20ஆவது திருத்தம் இதை இரண்டரை ஆண்டாக்கியது. தமிழ்ப் பிரதி, சிங்களப் பிரதி." கடைசிச் சொற்கள் இரண்டும் சாதாரண லிங்க்குகள். அவ்வளவுதான்.

தரநிலைகளில் ஊறியவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு இதுதான் முதல் தெரிவு. கொப்பி பண்ணினால் பத்தி சுத்தமாகப் போகும், குறிப்பையும் சேர்த்துக் கொப்பி பண்ணினால் மூலமும் கூடவே போகும். திரை வாசிப்பான் அதை வாக்கியமாகவே வாசிக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போகிற ஐயாவின் கையிலும் குறிப்பு இருக்கும். லிங்க் அச்சில் வராது என்பதால்தான் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்தில் எழுதச் சொல்கிறேன். முகவரி செத்துப்போனாலும் "20ஆவது திருத்தம், 2020" என்ற சொற்களை வைத்து ஒரு நூலகரால் தேடி எடுத்துவிட முடியும்.

வர்த்தமானி, சட்டம் எல்லாம் பிடிஎஃப்பாக இருப்பதால், எந்தப் பக்கம் என்பதையும் சொல்வது வாசகருக்குப் பெரிய உதவி. முகவரியின் முடிவில் ஹேஷ் குறி போட்டு, பேஜ் என்ற ஆங்கிலச் சொல்லும் சமன் குறியும் 5 என்ற எண்ணும் சேர்த்தால் குரோமும் பயர்பொக்ஸும் ஐந்தாம் பக்கத்திலேயே திறக்கும். மூலம் சாதாரண இணையப் பக்கமாக இருந்தால், குறிப்பிட்ட வரிக்கே போய் நிற்கிற முகவரியும் செய்யலாம். 2020 முதல் குரோமில் இந்த வசதி உண்டு. ஆனால் தமிழில் அது விகாரமாக வரும். யூனிகோட்டின் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், முகவரிக்குள் போகும்போது அது ஒன்பது எழுத்தாகிறது. ஐந்தாறு சொல்லைச் சுட்டினாலே முகவரி அரைப் பக்கத்துக்கு நீண்டுவிடும்.

இதன் பலவீனம், குறிப்புக்கும் திருத்திய சொல்லுக்கும் இடையே உள்ள தூரம். நீளமான பக்கத்தில் பத்துத் திருத்தங்கள் இருந்தால், எந்தக் குறிப்பு எந்த வரிக்கு என்று வாசகர் மேலும் கீழும் ஓடவேண்டும். சிறு எண் போட்டு அடிக்குறிப்பாக்கி, அங்கிருந்து திரும்ப வரவும் ஒரு லிங்க் வைத்தால் தீரும். விக்கிப்பீடியாவில் மேற்கோள்களுக்குச் செய்வது இதைத்தான். இன்னொன்று, பத்தியைப் பிறகு யாராவது திருத்தி எழுதும்போது குறிப்பைத் தொட மறந்துவிடுவார்கள். இன்ஸ், டெல்லில் திகதி சொல்லோடு ஒட்டியிருப்பதால் இந்தப் பிரச்சினை வராது. அதற்கு அந்த மதிப்பைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஒன்றும் காட்டாமல் வரலாற்றில் விடுவது

மூன்றாவது வழி, பக்கத்தில் ஒரு குறியும் இல்லாமல் திருத்திவிட்டு, யார் எப்போது ஏன் என்பதையெல்லாம் பின்னணியில் பதிவுசெய்வது. விக்கி என்றால் வரலாறு, வேர்ட்பிரஸ் என்றால் ரிவிஷன், கோப்புகளாக வைத்திருந்தால், மாற்றங்களைப் பதிவுசெய்கிற கிட் என்ற மென்பொருள். விக்கியின் ஒவ்வொரு பதிப்புக்கும் மாறாத எண் உண்டு, அதற்கு நேரடி முகவரியும் உண்டு. கிட்டில் ஒரு வரி கடைசியாக எந்தத் திருத்தத்தில் மாறியது என்று கேட்டால் சொல்லும். திருத்தச் செய்தியில் மூலத்தை எழுதி வைத்தால் அது அழியாமல் இருக்கும்.

அணிக்குள்ளே இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வாசகருக்கு? தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது. அதன் வரலாறு பக்கத்தைத் திறந்து பார்த்த வாசகர் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? அதை அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே தொகுக்கிறவர்கள்தான்.

தமிழுக்கு இதில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது, நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே. "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஒப்பிடும் கருவிக்கு இரண்டும் வேறு. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு மாற்றியின் வழியாக வருகிற கட்டுரைகள் இங்கே இன்னும் நிறைய. அவற்றில் "ஔவையார்" என்பதன் முதல் எழுத்து ஒகரமும் ளகரமுமாக வரும், "கௌரவம்" என்பதிலும் ளகரம் வந்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் யாராவது முழுக் கட்டுரையையும் சுத்தம் செய்தால், வரலாற்றில் பாதிப் பக்கம் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். அதற்குள்ளே "நான்கரை" என்பது "இரண்டரை" ஆனது எங்கே என்று தேடவேண்டும். இதற்கு மருந்து எளிது: எழுத்துச் சுத்தத்தைத் தனித் திருத்தமாகவும் பொருள் திருத்தத்தைத் தனித் திருத்தமாகவும் சேமியுங்கள். கிட்டில் சொல் அளவில் ஒப்பிடும் தெரிவைப் போடுங்கள். இயல்பாக அது வரி வரியாகத்தான் பார்க்கும், நாமோ முழுப் பத்தியையும் ஒரே வரியாக எழுதுகிறவர்கள்.

எழுத்துப்பிழை, எழுத்துரு மாற்றப் பிழை, விடுபட்ட புள்ளி இவற்றுக்கெல்லாம் இந்த வழி தாராளமாகப் போதும். அவற்றுக்கு இன்ஸ், டெல் போடுவது வாசகரைத் தொந்தரவு செய்வதுதான். ஒரு கட்டுரையில் சந்திப்பிழை திருத்தியதை எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மெய்ப்பு பார்த்தவரின் உழைப்புத் தெரிந்தது, கட்டுரை தெரியவில்லை.

இயந்திரத்துக்கும் பதிப்பாசிரியருக்கும்

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரங்களுக்குச் சொல்கிற ஸ்கீமா டொட் ஓஆர்ஜி சொல்தொகுதியில் திருத்தத்துக்கு ஒரு பண்பு, மேற்கோளுக்கு ஒரு பண்பு, கடைசியாக மாற்றிய திகதிக்கு ஒரு பண்பு எல்லாம் உண்டு. தேடுபொறிகளுக்காகப் பக்கத்தின் தலைப்பகுதியில் வைக்கலாம். செய்தித்தளம் நடத்துகிறவர்கள் செய்யுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் செய்யுங்கள். வாசகருக்கு இதனால் நேரடியாக ஒன்றும் கிடைக்காது.

பழைய நூல்களை இணையத்தில் ஏற்றுகிறவர்களின் தேவை முற்றிலும் வேறு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்திலிருந்தே, ஏடுகளை ஒப்பிட்டு எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று பார்ப்பது நம் பதிப்பாசிரியர்களுக்குப் பழகிய வேலை. அந்தப் பாடபேதங்களை இன்ஸ், டெல் கொண்டு காட்டப் புறப்படுவது தப்பு. அவை நம் பக்கத்தில் நாம் செய்த மாற்றங்கள் அல்ல, யாரோ எழுதிய ஏடுகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள். அதற்கு டிஇஐ (TEI) என்ற, நூல்களைக் குறியிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் முறை இருக்கிறது. 1987இல் தொடங்கிய கூட்டு முயற்சி அது. மூலத்தில் உள்ளபடி ஒன்று, பதிப்பாசிரியர் திருத்தியபடி ஒன்று என்று இரண்டையும் அருகருகே வைக்கலாம். யார் திருத்தினார், எந்தப் பிரதியின் ஆதாரத்தில், எவ்வளவு உறுதியோடு என்பதற்கெல்லாம் தனித்தனிப் பண்பு உண்டு. எழுதிய பிறகு அதிலிருந்து எச்ரிஎம்எல்லை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் கற்றுக்கொள்ள நாள் எடுக்கும், கற்றுக்கொடுக்க ஆளும் வேண்டும். ஒரு நூலுக்காக இதில் இறங்காதீர்கள். தொடராகப் பல நூல்கள் ஏற்றுகிற திட்டம் என்றால் கட்டாயம் இறங்குங்கள், பாதியில் மாறுவது அதைவிடக் கஷ்டம். ஒரு நூல் மட்டும் என்றால் அடிக்குறிப்பு போதும். மூலப் பிரதியின் படம் 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் இருந்தால் அந்த ஆவணத்தின் எண்ணையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். சட்டங்களை மொத்தமாக ஏற்றுகிறவர்களுக்கு அகோமா இன்டோசோ என்ற வேறொரு எக்ஸ்எம்எல் தரநிலையும் உண்டு. ஒரு திருத்தச் சட்டம் எந்தப் பிரிவை எப்போது மாற்றியது என்பதைக் குறிக்கவே அமைந்தது. சிறு அணிக்கு அது அளவுக்கு மிஞ்சிய சட்டை.

எந்தப் பக்கத்துக்கு எது

சட்ட வாசகத்தை அப்படியே போட்டிருக்கிற பக்கத்துக்கு இன்ஸ், டெல் பொருந்தும். அங்கே வருகிறவர் மாற்றத்தைப் பார்க்கவே வருகிறார். அப்போதும் பழைய சொல் இல்லாத சுத்தமான ஒரு பிரதியும் வேண்டும். "மாற்றங்களுடன்", "இன்றைய நிலை" என்று இரண்டு பக்கங்களாக வைத்து ஒன்றிலிருந்து மற்றதுக்கு லிங்க் கொடுங்கள். கொப்பி பண்ணுகிறவர்கள் இரண்டாவதிலிருந்து எடுப்பார்கள். சைட் பண்பை நிரப்புவதானால் நிரப்புங்கள், ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படித்து ஓரத்தில் லிங்க்காகக் காட்டவும் முடியும். ஆனால் அது ஓடாத போனிலும் மூலம் தெரியும்படி குறிப்பை எழுத்திலேயே வையுங்கள்.

சட்டத்தை விளக்குகிற கட்டுரை, செய்தி, பரீட்சை வழிகாட்டி எல்லாவற்றுக்கும் குறிப்பு. செய்தியில் எண்ணோ பெயரோ பிழைத்திருந்தால் குறிப்பை மேலே, தலைப்புக்கு அடுத்துப் போடுங்கள். பிழையான எண்ணை அதில் திரும்பச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லவேண்டும், ஏற்கெனவே அதைப் பகிர்ந்தவருக்கு எது பிழை என்று அப்போதுதான் தெரியும். ஒருவரின் மானத்தைத் தொடுகிற பிழை மட்டும் விலக்கு. அங்கே என்ன பிழை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது நல்லது. மற்றவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கும்போது அதன் உள்ளே எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள், சதுர அடைப்புக்குள் ஒரு சொல் சேர்ப்பதோடு நிறுத்துங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் வரலாறு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பக்கத்தை எப்போது தொட்டீர்கள் என்பது அதில் பதிவாகிவிடும், அதனால் டேட்டைம் பண்பைச் சட்டத் திகதிக்கே ஒதுக்கிவிடலாம்.

அந்தத் திகதி எது என்பதில் கவனமாக இருங்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வந்த நாளும் இல்லை, பாராளுமன்றத்தில் வாக்கெடுத்த நாளும் இல்லை. சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகுதான் அது சட்டம். சில சட்டங்களில் குறிப்பிட்ட பிரிவு பிறகொரு நாளில்தான் நடைமுறைக்கு வரும் என்றும் எழுதியிருக்கும். அப்படியானால் இரண்டு திகதியையும் குறிப்பில் சொல்லுங்கள், பண்பில் நடைமுறைக்கு வந்த நாளைப் போடுங்கள். சட்டமூலம் விவாதத்தில் இருக்கும்போதே பக்கத்தை மாற்றிவிடும்படி அவசரப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். குழுநிலையில் எண்கள் மாறுவது சகஜம், சான்றுரை வரும்வரை உறுப்புரையைத் தொடாமல் "இது பற்றி ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் இருக்கிறது" என்று மேலே ஒரு வரி போட்டுவைத்தால் போதும்.